விசா தேவையில்லை

வியட்நாமுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதனால் பயண ஏற்பாடும் என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. வேறு யாராவது அதைத் தொட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

எங்கள் வீடு மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறது. அம்மா, அண்ணன், அண்ணி, நான் என நான்கு பேர். அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறார். அண்ணி மூன்று வருடங்களுக்கு முன் கல்யாணமாகித் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் ஷா ஆலாமில் மென்பொருள் சோதனைப் பொறியாளர். மற்றவர்கள் எழுதிய நிரல் எந்த இடத்தில் உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு படிவம் கொடுத்தால், அதை நிரப்புகிறவர் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் நான் முன்கூட்டியே செய்து பார்த்துவிடுவேன். வீட்டிலும் அதே பெயர்தான் எனக்கு. கைப்பேசி நின்றாலும், வரிப் படிவம் வந்தாலும், "பிள்ளைக்கிட்ட குடு, அவ பாத்துக்குவா" என்பார் அம்மா.

மத்திய வியட்நாமில் பெரிய பெரிய சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. காட்டுக்குள் ஒன்றரை நாள் நடந்து, நிலத்துக்கடியில் ஓடும் ஆற்றை மிதவைச் சட்டையோடு நீந்திக் கடந்து, குகை வாயிலில் கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு பயணத்தை நானும் என் தோழியும் இணையத்தில் பார்த்துக்கொண்டே இருந்தோம். தோழி கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் வேலை முடிந்ததும் கீழே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுவோம். அண்ணனும் வருகிறேன் என்றார். மூன்று பேர் என்று என் மனதில் எண்ணிக்கை முடிந்திருந்தது. அப்போது அண்ணன், "அவளும் வரட்டுமே" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அண்ணி வேகமாக நடப்பாரா, அட்டை கடித்தால் கூச்சல் போடுவாரா, நீச்சல் தெரியாதே என்றெல்லாம் யோசித்தேன். யோசித்தது வெளியே தெரிந்திருக்கும். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"குகைன்னா வவ்வாலு இருக்கும்ல?"

"இருக்கும் அண்ணி. பயமா?"

"பயமா? நான் காலேஜ்ல ப்ராஜெக்டே வவ்வாலுதான். பழைய மண்டபம் ஒண்ணுல சாயங்காலம் போய் உக்காந்து, வெளிய வரத எண்ணுவோம். நாலு பேரு, நாலு மூலைல."

மூன்று வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் விலங்கியல் படித்தவர் என்று எனக்குத் தெரியும். வௌவால் எண்ணியவர் என்று தெரியாது. அண்ணன் சிரித்தார். "பல்லியப் பாத்தா சோபா மேல ஏறுவா. வவ்வால எண்ணுனாளாம்."

"பல்லி வேற, வவ்வாலு வேறங்க. வவ்வாலு மேல வந்து விழாது."

அம்மாவுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. "காட்ட விட்டு டவுனுக்கு வரத்துக்கு எங்கப்பா என்னா பாடு பட்டாரு. இதுங்க பிளேன் ஏறிப் போயி அட்டைக்கடி வாங்கப் போகுதுங்க." அதோடு, தாத்தாவைப் போலத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணியை நாங்கள் நான்கு ஜோடி வாங்கி வந்தபோது அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஈரக் காட்டில் அதைவிடப் பிடிமானமான காலணி கிடையாது என்று நான் படித்திருந்தேன். அம்மாவிடம் அதை விளக்கிச் சொல்லும் தைரியம் வரவில்லை.

நான் கணினியில் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். நான்கு வரிசை, நான்கு பேர். ரத்த வகை, காலணி அளவு, ஒவ்வாமை, நீச்சல், காப்புறுதி, பாஸ்போர்ட் காலாவதி, விசா என்று கட்டங்கள். பாஸ்போர்ட் தேதியை ஒவ்வொருவரிடமும் கேட்டு அடித்தேன். அண்ணி தன்னுடையதை எடுத்து வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தேதியை வாசித்தார். எங்களுடையது சிவப்பு அட்டை. அவர் கையில் இருந்தது நீல அட்டை, இந்தியப் பாஸ்போர்ட். அதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த கட்டம் விசா. என் வரிசையில் 'தேவையில்லை' என்று அடித்து, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நான்கு வரிசையிலும் தேவையில்லை என்று நிரம்பியது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

மலேசியர்களுக்கு வியட்நாம் போக விசா வேண்டாம். தாய்லாந்துக்கு, இந்தோனேசியாவுக்கு, இன்னும் எத்தனையோ நாடுகளுக்கு வேண்டாம். போய் வரிசையில் நின்றால் முத்திரை குத்தி அனுப்புவார்கள். விசா என்ற சொல்லே எங்கள் வாயில் அதிகம் வராது. அண்ணிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்து அவரைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போவார். கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவர் இந்த நாட்டில் இன்னும் ஒரு வருடம் இருக்க முடியும். வீட்டில் விசா என்றால் என்னவென்று உண்மையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம்தான் நான் கேட்கவில்லை.

நீச்சல் கட்டத்தில் அண்ணியின் பெயருக்கு நேராக 'பயிற்சியில்' என்று இருந்தது. தோழி தங்கியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு நீச்சல் குளம் உண்டு. சனிக்கிழமைதோறும் நானும் அண்ணியும் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போவோம். அண்ணி அதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. கை முழுவதும் மூடிய நீச்சல் உடை ஒன்றைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி, அதற்கு மேல் ஒரு டீஷர்ட்டும் போட்டுக்கொண்டு, படிக்கட்டின் கம்பியைப் பிடித்தபடி முதல் நாள் முழுக்க நின்றார். இரண்டாவது வாரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றார். தோழி கரையில் உட்கார்ந்து, "அக்கா, நீங்க நீந்துறீங்களா, தண்ணியோட சண்ட போடுறீங்களா?" என்று கேட்பாள்.

"ரெண்டும்தான். நீ காலப் புடிச்சு இழுக்காம இரு."

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டார். மறுபக்கத்துச் சுவரைத் தொட்டதும் திரும்பி என்னைத் தேடினார். நான் கைப்பேசியில் குகைப் பயண நிறுவனத்துக்கு ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஏற்கெனவே தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா?" என்றார். "பாத்தேன் அண்ணி" என்றேன்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் இருந்தபோது ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரம். நான் மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி தட்டில் தோசை வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஏம்மா, எனக்கு விசா ஏதும் போடணுமா?"

"நமக்கெல்லாம் வேணாம் அண்ணி. ஷீட்டுல இருக்கே, பாக்கலியா?"

"பாத்தேன். அதான் ஒரு தடவ கேட்டுக்கலாம்னு."

"வேணாம் லா. நான் செக் பண்ணிட்டேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த தோசையை எடுக்கப் போனார். நான் நிமிரவே இல்லை.

இந்த உரையாடலை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஷீட்டில் கட்டத்தைக் கீழே இழுத்தது பிழை. பிழை யாருக்கும் வரும், என் வேலையே அதைச் சார்ந்ததுதான். ஆனால் 'நான் செக் பண்ணிட்டேன்' என்பது பிழை இல்லை. நான் செக் பண்ணவில்லை. அது பொய். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வியைச் சீக்கிரம் முடிப்பதற்காகச் சொன்ன சின்னப் பொய். இன்னொன்றும் இருக்கிறது. 'நமக்கெல்லாம்' என்று அவரையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணி வந்த புதிதில் நான் 'உங்க ஊர்ல', 'எங்க ஊர்ல' என்றுதான் பேசுவேன். அன்றைக்குத்தான் யோசிக்காமல் நம்மில் ஒருவராக அவரைச் சேர்த்திருந்தேன். சேர்க்கக் கூடாத ஒரே இடத்தில் சேர்த்திருந்தேன்.

பயண நாளுக்கு முந்தைய நாள் எங்கள் மூன்று பேருக்கும் கைப்பேசியிலேயே விமான அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. அண்ணிக்கு மட்டும் 'ஆவணச் சரிபார்ப்புக்காகக் கவுண்டருக்கு வரவும்' என்று வந்தது. அலுவலகத்தில் ஒரு சோதனை இப்படித் தனியாகத் தோற்றால் நான் அதை விடமாட்டேன். அன்று, செயலிக்கு ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தார். அண்ணியின் பெட்டியை எடை போட்டு, பட்டை ஒட்டியாகிவிட்டது. பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டினார். பிறகு மலாயில் கேட்டார். வியட்நாம் விசா எங்கே?

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். விசா தேவையில்லை, நாங்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று மலாயில் சொன்னேன்.

"ஆமா அக்கா, குடும்பம் ஒண்ணுதான்" என்றார் அவர், பொறுமையாக, மலாயில். "ஆனா இது இந்தியா பாஸ்போர்ட்."

அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியும். முதலில் அந்த நீல அட்டை கண்ணில் பட்டது. அடுத்து ஷீட். அதற்கு அடுத்து, தோசைத் தட்டோடு நின்ற அண்ணி. எல்லாம் வரிசையாக, தெளிவாக வந்தன. மேலதிகாரி ஒருவர் வந்தார். விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் குறைந்தது மூன்று வேலை நாள் ஆகும் என்றார். அன்று வெள்ளிக்கிழமை.

பக்கத்து வரிசையிலிருந்து தோழி, "என்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"அண்ணி பாஸ்போர்ட்டுல ஏதோ பிரச்சனை" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எந்தப் பிரச்சனையும் இல்லாத பாஸ்போர்ட். காலாவதி ஆகாதது, கிழியாதது, என்னிடம் தேதி வாசித்துக் காட்டப்பட்டது. அண்ணி எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். கேட்டிருப்பார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து பட்டையைக் கிழித்தெடுக்கும் ஊழியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, அண்ணியிடம்தான் கேட்டார்.

"உனக்குத் தோணலியா? வருஷா வருஷம் இமிகிரேஷன்ல போயி நிக்கிறோம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அண்ணி என்னைக் காட்டியிருக்கலாம். கேட்டேங்க, வேணாம்னு சொன்னா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். தானாகச் சொல்லத் தோன்றவில்லை.

"தப்புதாங்க" என்றார் அண்ணி. "விட்டுட்டேன்."

நான் என் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

அண்ணன், தானும் போகவில்லை என்று தன் பெட்டியையும் திருப்பி வாங்கிக்கொண்டார். அண்ணி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "அப்ப நானும் போகல" என்றேன். சொல்லும்போதே, விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தோழி தனியாக எப்படிப் போவாள், ரெண்டு மாசமா உழைச்சிருக்க, நீ போ என்று இருவரும் சொன்னார்கள். அண்ணி என் பையின் தோள்வாரைச் சரிசெய்துவிட்டு, "பாத்துப் போயிட்டு வா" என்றார். நான் போனேன்.

குகையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமை இல்லை. நான் நினைத்ததைவிடப் பெரியது. குகைக்குள் ஒரு காடு இருந்தது. கூரை இடிந்த இடத்தில் வெளிச்சம் ஒரு தூண்போல இறங்கியது, அதன் அடியில் மரங்கள். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் குளிர்ந்து முதுகெலும்பில் ஏறியது. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் நீந்தவே தெரியாவிட்டாலும் கடந்துவிடலாம் என்று அங்கே போனபின்தான் தெரிந்தது. எட்டு வாரம் ஒருவரைத் தண்ணீரில் இருமவிட்டிருக்க வேண்டியதில்லை. அதையும் நான் செக் பண்ணவில்லை.

வழிகாட்டி முதல் நாளே கேட்டான். நான்கு பேர் பதிவு செய்திருந்தீர்களே, இரண்டு பேர் எங்கே? வரமுடியவில்லை, பாஸ்போர்ட் பிரச்சனை என்றேன். வாய் அதற்குள் பழகியிருந்தது. என்னை அறியாத, இனிமேல் பார்க்கப்போகாத ஒருவனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

காட்டுக்குள் போவதற்கு முன் அண்ணியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. 'வவ்வாலு கும்பலா தொங்குதா, தனித்தனியாவா பாரு. முடிஞ்சா வீடியோ எடு. லைட் அடிக்காத, பாவம்.' நான் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியைக் கூரைப் பக்கம் நீட்டி ஐந்து நிமிடம் எடுத்தேன். வந்தது முழுக்க இருட்டு. கீச்சென்ற சத்தம் மட்டும் இருந்தது. அதை அவருக்கு அனுப்பினேன். 'தேங்க்ஸ்மா' என்று பதில் வந்தது.

திரும்பி வந்தபோது வீட்டில் கதை முழுதாக உருவாகியிருந்தது. அம்மா அதை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மருமகளுக்கு விசா வேண்டும் என்று தெரியவில்லை, ஊரிலிருந்து வந்தவள்தானே, சொல்லவும் இல்லை, மகன் பயணமும் கெட்டது. அதில் என் பெயர் இருந்தது, உழைத்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த பிள்ளையாக. முதல் நாள் நான் களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டேன். அடுத்த நாள் வேலை. அதற்கடுத்து எந்த நாளும் அதற்கேற்ற நாளாக இல்லை. தினமும் காலையில் அண்ணி என் தண்ணீர்ப் புட்டியை நிரப்பி மேசையில் வைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அலுவலகத்தில் அந்த வாரம் நான் சோதித்தது ஒரு பதிவுப் படிவம். குடியுரிமை என்ற கட்டத்தில் மலேசியா அல்லாத நாடுகளைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொரு நாடாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. காஜாங்கிலிருந்து குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தேயைப் பொட்டலம் கட்டி, தாப்பாவ் செய்துகொண்டு வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, என் கைப்பேசிப் படங்களைத் தொலைக்காட்சியில் போடச் சொன்னார். குகை, ஆறு, மரங்கள், நானும் தோழியும் சேற்றோடு. அண்ணி எல்லோருக்கும் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஊற்றினார்.

"அலாமாக், எவ்வளவு பெருசு!" என்றார் பெரியம்மா. "பாவம் லா, இவ பாக்காமப் போயிட்டா."

"என்னா பண்றது அக்கா" என்றார் அம்மா. "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். இந்தப் பிள்ள ரெண்டு மாசமா கம்ப்யூட்டரே கதியாக் கெடந்துச்சு. கேட்டா சொல்லியிருக்கும்ல?"

"விடு லா. அடுத்த தடவ மோரிப் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க விசா கேக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரித்தார், கோப்பையை என் முன் வைத்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். வாய் மட்டும் சிரித்தது.

"அண்ணி கேட்டாங்க" என்றேன்.

"என்னா?" என்றார் அம்மா.

"விசா வேணுமான்னு கேட்டாங்க. கெளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடியே. நான்தான் வேணாம்னு சொன்னேன். செக் பண்ணிட்டேன்னும் சொன்னேன். பண்ணல."

தொலைக்காட்சியில் படங்கள் தாமாக மாறிக்கொண்டிருந்தன. அம்மாதான் முதலில் பேசினார். "சரி விடு. மறதி யாருக்குத்தான் இல்ல? வேல டென்ஷன்ல..."

"மறதி இல்லமா."

"அதான் விடுன்னு சொல்றேன்ல. ஆறுது, சாப்பிடு." ஒரு நிமிடத்துக்கு முன் அண்ணியிடம் காட்டாத கருணை முழுவதும் என் தட்டில் வந்து விழுந்தது. அதைவிட அம்மா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பெரியம்மா கடலைக் குழம்பைக் கிண்டிக்கொண்டே யாரையும் பார்க்காமல் இருந்தார்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். "நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா?" என்றார் அண்ணி. அவ்வளவுதான். காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கும் போகவில்லை. காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

நான் அடுப்படிக்குப் போனேன். அண்ணி குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"ம்."

"அன்னைக்கு நீங்க என் பேரச் சொல்லியிருக்கலாம். நான் ஒத்துக்கிட்டிருப்பேன்."

அவர் குழாயை மூடினார். கோபமாகப் பேசவில்லை. ஒரு கணக்கை விளக்குவதுபோலத்தான் பேசினார்.

"நான் சொன்னா உம்மேல பழி போடுறதா ஆயிடும்மா. உன் வீடு, உன் அம்மா, உன் அண்ணன். சொல்லி, நீ இல்லைன்னுட்டா? ஷீட்டுல வேற வேணாம்னு எழுதியிருக்கு. யாரு நம்புவா என்னைய?"

"நான் இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

"பாஸ்போர்ட்டுல பிரச்சனைன்னு சொன்னியே."

நான் கழுவி வைத்த கோப்பை ஒன்றைத் துடைக்க எடுத்தேன்.

"நீ போனதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒம்பது நாள் இருந்தேன்" என்றார். "வீட்டுக்குள்ள நடந்தது உனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். இப்ப சொன்ன பாரு, அது நல்லது. ஆனா அன்னைக்கு அந்தக் கவுண்டர்லயே சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"நான் விசா போட்டுத் தர்றேன் அண்ணி. மறுபடியும் போலாம். நீங்களும் அண்ணனும் மட்டும்கூடப் போங்க. எல்லாம் நானே..."

"வேணாம்மா" என்றார். இதைச் சொல்லும்போதுதான் முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "நானே போட்டுக்குறேன்."

அதன் பிறகு அவர் என்னிடம் முறைத்துக்கொண்டதில்லை. தோசை வந்தது, புட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது, அலுவலகத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஆனால் கைப்பேசியில் எதையும் என்னிடம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். வங்கிச் செயலி திறக்காவிட்டால் தானே அரை மணி நேரம் போராடினார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு அவரும் அண்ணனும் போவதாக முடிவானது. அது எனக்கு அம்மா மூலமாகத்தான் தெரிய வந்தது. ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்தபோது இருவரும் சாப்பாட்டு மேசையில் அண்ணனின் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு தாளில் ஒவ்வொன்றையும் முதலில் பேனாவால் எழுதிச் சரிபார்த்து, பிறகு அடித்தார். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்தார். நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்க" என்றார் அண்ணனிடம். "போன தடவ புக் பண்ணி, போகாம கேன்சல் ஆச்சுல்ல. அத இதுல எங்கயாவது சொல்லணுமா? இந்தக் கேள்வி அதத்தான் கேக்குதா?"

அண்ணன் குனிந்து படித்தார். "தெரியலியே. வேணாம்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்க வேணாங்க. தெரியணும்."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் ஒருமுறை என் பக்கம் பார்வையைத் திருப்பினார். அண்ணி திருப்பவில்லை. கைப்பேசியை எடுத்து, விசா உதவி எண் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, திங்கட்கிழமை காலை அழைத்துக் கேட்பதென்று தாளில் குறித்துக்கொண்டு, மடிக்கணினியை மூடினார்.

என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்திருக்காது. தெரியாது என்று சொல்லியிருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.